டிராகனின் நகத்தை எண்ணுங்கள்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பில் போடுவதோடு நில்லாமல், நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான் தட்டை யார் கையில் எடுத்தாலும், விலை கேட்பதற்கு முன் அதிலுள்ள டிராகனின் கால் நகங்களை எண்ணச் சொல்வேன்.

ஐந்து நகம் சீனப் பேரரசருக்கு உரியது. நான்கும் மூன்றும் அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கும், கடல் கடந்த விற்பனைக்கும். எல்லா அரசர் காலத்திலும் இந்த விதி ஒரே கண்டிப்போடு நடந்ததில்லை. ஆனாலும் தட்டு யாருக்காகச் செய்தது என்ற விசாரணை அங்கேதான் தொடங்கும்.

எனக்குப் பிடித்தது டிராகனைவிட, கிலின் என்ற சீனக் கற்பனை மிருகம்தான். மான் உடம்பு, செதில் தோல், குளம்பு, கொம்பு. நம் கோயில் தூணில் நிற்கும் யாளியைப் போல, பல மிருகங்களைச் சேர்த்து ஒன்றாக்கிய உருவம். ஆனால் யாளியின் உக்கிரம் இதற்குக் கிடையாது. புல் நோகாமல் நடக்கும், நல்லரசன் ஆளும்போது மட்டும் கண்ணில் படும் என்பது சீனர் நம்பிக்கை. 1414-ல் வங்காள சுல்தான் அனுப்பிய ஒட்டகச்சிவிங்கியைக் கண்டு, கிலினே வந்துவிட்டது என்று மிங் பேரரசர் யோங்லேவின் அரசவை கொண்டாடியது. அதே பேரரசரின் தளபதி ஜெங் ஹெவின் கப்பல்கள்தான் கொச்சிக்கும் வந்தன. உடன் வந்த மா ஹுவான் இந்த ஊரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

இந்தத் தட்டுகளில் உள்ள நீலம் கோபால்ட். 14-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து ஜிங்தேஜென் ஊரின் சூளைகளுக்குப் போனது. சுடாத வெள்ளை மண்ணின் மேல் தூரிகையால் தீட்டி, அதன்மேல் மெருகு பூசி, சுமார் 1,300 டிகிரி வெப்பத்தில் சுடுவார்கள். மண் நிறத்தை உடனே உறிஞ்சிவிடும். தப்பாகப் போட்ட கோட்டை அழிப்பது கடினம். நல்ல பழைய தட்டில் டிராகனின் மீசை ஒரே இழுப்பில் ஓடும். தூரிகை தயங்கிய இடத்தில் நீலம் திரண்டு கருத்திருக்கும்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வேறெங்கோ வாங்கிய ஜாடியை நீட்டி, “அக்கா, இது ஒரிஜினல்தானே?” என்றார். பூதக்கண்ணாடியைக் கொடுத்து, “நீலத்தை மட்டும் பாருங்க தம்பி, புள்ளி புள்ளியாத் தெரியுதா?” என்றேன். தெரிந்தது. அது அச்சுப் படம். கையால் தீட்டியதில் தூரிகையின் ஓட்டம் தெரியும். ஒழுங்கான புள்ளி வரிசை வராது.

அடியில் எழுதியுள்ள அரசர் பெயரை மட்டும் நம்பாதீர்கள். காங்ஷி காலத்துக் (1662-1722) குயவர்களே, தங்களுக்குச் சுமார் இருநூறு ஆண்டு முந்தைய பேரரசர் செங்ஹுவாவின் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

இத்தனையும் பார்த்துப் பழகிய கண்ணோடு, 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போங்கள். தெருக்கோடியில்தான் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் எசேக்கியேல் ரஹாபி என்ற யூத வணிகர் சீனாவின் காண்டனிலிருந்து தருவித்த நீல வெள்ளைத் தரை ஓடுகள், சுமார் 1,100, காலடியில் விரிந்திருக்கும். அத்தனையும் கையால் தீட்டியவை. மரமும் பூவுமாக இருக்கும். டிராகனைத் தேடினால் கிடைக்காது. உருவங்களை விலக்கும் வழிபாட்டிடத்துக்கு அதுவே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. வருகிறவர்களில் பலர் தொங்கும் கண்ணாடி விளக்குகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து குனிந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்து ஓடுகளில் ஒரே கிளை எப்படிச் சற்றே வேறாக வளைகிறது என்று ஒப்பிடுங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டைக் கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகிவிடும். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூர் மகளுக்குப் பரிசு என்று வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பொருளின் வயதை எழுதி ரசீது கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.