கேத்தரின் சுவிட்சர்

கேத்தரின் சுவிட்சர் (பிறப்பு: சனவரி 5, 1947) ஓர் அமெரிக்க நெடுந்தொலைவு ஓட்ட வீராங்கனை ஆவார். பாஸ்டன் மாரத்தானில் பதிவு செய்து, போட்டி எண்ணுடன் ஓடி முடித்த முதல் பெண் இவரே. வளைதடிப் பந்தாட்டத்தின் (ஹாக்கி) வழியாகவே இவர் ஓட்டத்திற்கு வந்தார்.

வளைதடிப் பந்தாட்டம்

செருமனியின் ஆம்பெர்க் நகரில் பிறந்த சுவிட்சர், வர்ஜீனியா மாநிலத்தில் வளர்ந்தார். பள்ளி ஆட்டங்களில் வீரர்களை உற்சாகப்படுத்தும் மகளிர் குழுவில் சேர விரும்பினார். தந்தையோ, பிறருக்குக் கைதட்டுவதைவிடத் தானே களத்தில் ஆடுவது மேல் எனக் கூறி, வளைதடிப் பந்தாட்ட அணியில் இடம்பெற நாள்தோறும் ஒரு மைல் (1.6 கிமீ) ஓடச் சொன்னார். அப்போது இவருக்கு வயது 12. லிஞ்ச்பர்க் கல்லூரியிலும் இவ்விளையாட்டைத் தொடர்ந்ததுடன், ஆண்கள் தடகள அணிக்காக ஒரு மைல் ஓட்டத்திலும் பங்கேற்றார்.

வளைதடிப் பந்தாட்டத்தில் ஓட்டம் என்பது விரைதலும் நிற்றலும் திரும்புதலுமாகத் துண்டு துண்டாக அமைவது. மாரத்தானில் 42.195 கிமீ தொலைவை, அதாவது ஏறத்தாழ கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரையுள்ள தொலைவை, இடைவிடாது ஓட வேண்டும். ஆட்டத்தில் வளர்ந்த மூச்சுத்திறன் இதற்கும் உதவும். ஆனால் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடுவதற்குக் கால்களைத் தனியே பழக்க வேண்டும்.

உடல் தகுதியைக் காட்டிலும் வழக்கமே பெருந்தடையாக இருந்தது. கல்லூரிப் பெண்கள் வளைதடிப் பந்தாட்டம் ஆடுவதை எவரும் குறை கூறவில்லை. எனினும் நெடுந்தொலைவு ஓட்டம் பெண்களின் உடலுக்குத் தீங்கு என்று நம்பப்பட்டது. 1968 வரை ஒலிம்பிக்கில் மகளிருக்கான மிக நீண்ட ஓட்டம் 800 மீட்டரே.

1967 பாஸ்டன் மாரத்தான்

பின்னர் சிரக்கியூசு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சுவிட்சர், அங்கு ஆண்கள் அணியுடன் பயிற்சி பெற்றார். உடன் ஓடிய ஆர்னி பிரிக்சு பாஸ்டனில் பலமுறை ஓடியவர். பெண்ணால் மாரத்தான் ஓட இயலாது என்று முதலில் மறுத்த அவர், பயிற்சியில் ஓடிக் காட்டினால் தாமே அழைத்துச் செல்வதாகக் கூறினார். இருவரும் 26 மைல் ஓடிய பின், சுவிட்சரின் விருப்பப்படி மேலும் 5 மைல் ஓடினர்.

போட்டி விதிகளில் பெண்கள் கூடாது என எங்கும் எழுதப்படவில்லை. கே. வி. சுவிட்சர் எனப் பதிவு செய்து, 261 ஆம் எண்ணுடன் ஏப்ரல் 19, 1967 அன்று இவர் ஓடினார். வழியில் போட்டி அலுவலர் சாக் செம்பில் பாய்ந்து வந்து எண்ணைப் பிடுங்க முயன்றார். உடன் ஓடிய நண்பர் அவரைத் தள்ளிவிட்டார். இந்நிகழ்வின் ஒளிப்படங்கள் உலகெங்கும் வெளியாயின. சுவிட்சர் ஏறத்தாழ 4 மணி 20 நிமிடத்தில் ஓடி முடித்தார். அமெச்சூர் தடகள ஒன்றியம் பின்னர் இவரை நீக்கியது.

பாஸ்டனில் ஓடிய முதல் பெண் இவர் எனச் சிலர் எழுதுவது பிழையாகும். பாபி கிப் 1966 இலேயே எண்ணின்றி ஓடி முடித்திருந்தார். 1967 இலும் சுவிட்சருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சேர்ந்தார்.

பிற்காலம்

1972 இல் பாஸ்டனில் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டனர். சுவிட்சர் 1974 இல் நியூயார்க் மாரத்தானில் வென்றார். 1975 இல் பாஸ்டனில் 2:51:37 நேரத்தில் இரண்டாமிடம் பெற்றார். மகளிர் மாரத்தானை ஒலிம்பிக்கில் சேர்க்கப் பல நாடுகளில் போட்டிகளை நடத்தினார். 2017 இல், 70 ஆம் வயதில், அதே 261 ஆம் எண்ணுடன் மீண்டும் பாஸ்டனில் ஓடினார்.

மகளிர் வளைதடிப் பந்தாட்டம் 1980 இலும் (இந்திய அணி நான்காமிடம்), மகளிர் மாரத்தான் 1984 இலும் ஒலிம்பிக்கில் அறிமுகமாயின. அந்த முதல் மாரத்தானில் தங்கம் வென்ற சோன் பெனாய்ட்டும் கல்லூரியில் வளைதடிப் பந்தாட்டம் ஆடியவர் என்பது குறிப்பிடத்தக்கது.