இரண்டு செ.மீ. வித்தியாசம்

மேசைமேல் கிடந்த கேபிளுக்குப் பக்கத்தில் எஃப்.எம். ரேடியோவை வைத்துத் திருகினேன். 100 மெகாஹெர்ட்ஸை நெருங்கியதும் பாட்டு மறைந்து ஒரே கரகரப்பு. கேபிளோடு இணைந்திருந்த கருவியை அணைத்தேன், பாட்டு திரும்பியது.

“அக்கா, கேபிளுக்குள்ள இருக்கிற ரெண்டு வயரையும் தனித்தனியா அளந்துட்டேன். ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு” என்றான் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி. அவன் அளந்ததில் தப்பில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று அவன் இன்னும் பார்க்கவில்லை.

வீட்டு இன்டர்நெட் பெட்டியில் செருகும் ஈத்தர்நெட் கேபிளைப் பிரித்தால், நான்கு ஜோடிக் கம்பிகள் முறுக்கியபடி இருக்கும். ஒரு ஜோடியில் ஒரு கம்பி +1 வோல்ட் சுமக்கும்போது மற்றது −1 வோல்ட் சுமக்கும். வெளியிலிருந்து 0.3 வோல்ட் இரைச்சல் வந்தால், முறுக்கிய இரண்டிலும் ஒரே அளவாக ஏறும்: 1.3, −0.7. வாங்கும் முனை இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறது. அது அப்போதும் 2 வோல்ட்தான். டெலிபோன் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ல் காப்புரிமை பெற்ற முறுக்குக் கம்பி, இன்றும் நம் வீட்டுக்குள் உழைக்கிறது.

இந்தச் சமநிலை குலைந்தால் சிக்னலின் ஒரு பங்கு இரண்டு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும். நாங்கள் அதைக் ‘காமன் மோடு’ என்போம். அப்போது கேபிளே ஆன்டெனா ஆகிவிடும். ஒரு மீட்டர் கேபிளில் இப்படிச் சில மைக்ரோஆம்பியர் ஓடினாலே, மின்னணுக் கருவிகளுக்கு விதித்துள்ள கதிர்வீச்சு வரம்பைத் தாண்டிவிடலாம்.

இதைப் பிடிக்கத்தான் வெக்டர் நெட்வொர்க் அனலைசர். அலையை அனுப்பி, எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு கடந்து போனது என்று பார்க்கும் கருவி இது. அலையின் அளவோடு, அது எவ்வளவு பிந்தி வந்தது என்பதையும் கோணக் கணக்கில் சொல்லும். கருவியின் ஒவ்வொரு போர்ட்டும் ஒற்றைக் கம்பிக்கானது. ஒரு ஜோடியின் ஒரு முனைக்கு இரண்டு போர்ட் வேண்டும். இரு முனைகளுக்கும் நான்கு. முதலில் ஓப்பன், ஷார்ட், லோடு, த்ரூ என அளவு தெரிந்த துண்டுகளை வரிசையாக மாட்டி காலிபரேஷன் செய்தோம். இல்லாவிட்டால் இணைப்புக் கேபிள்களின் குறையெல்லாம் நம் ஜோடியின் தலையில் விழும். எவ்வளவு அவசரமானாலும் இந்தப் படியைத் தாண்ட நான் யாரையும் விடுவதில்லை.

கருவி ஒரு சமயத்தில் ஒரு போர்ட்டில் மட்டும் அலையை அனுப்பி, நான்கிலும் கவனிக்கிறது. நாலு நாலு பதினாறு எண்கள் கிடைக்கும். அவற்றைக் கூட்டியும் கழித்தும், ஜோடியாக அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுவிடுகிறது. இந்தக் கணக்கை 1995-ல் பாக்கெல்மன், ஐசன்ஸ்டாட் என்ற இருவர் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது அதில் ஒரு வரிதான்: இரு கம்பிகளின் வித்தியாசமாக உள்ளே போன சிக்னலில் எவ்வளவு காமன் மோடாக மாறி வெளியே வருகிறது?

அது மிகச் சின்ன அளவு. ஆனாலும் கருவிக்கு ஒரு வசதி உண்டு. அலையை அனுப்பியதே அதுதான் என்பதால், எந்த அதிர்வெண்ணில் தேடுவது என்று அதற்குத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் குறுகிய ஜன்னலைத் திறந்து பார்க்கும். ஜன்னலை 1,000 ஹெர்ட்ஸிலிருந்து 10 ஹெர்ட்ஸாகச் சுருக்கினால் உள்ளே வரும் இரைச்சல் நூறில் ஒரு பங்காகும். நேரம் ஏறக்குறைய நூறு மடங்கு பிடிக்கும். சுருக்கிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது திரையில் அந்த அளவைக் காட்டும் கோடு 100 மெகாஹெர்ட்ஸில் −30 டெசிபலில் நின்றது. ஆயிரத்தில் ஒரு பங்கு சக்தி தடம் மாறுகிறது. அந்தக் கேபிளில் இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். அலை முழுவதும் 360 பாகை என்றால், 2 செ.மீ.-க்கு 3.6 பாகை. ஒரு கம்பி மற்றதைவிட அவ்வளவு பிந்தினால் கணக்கில் வருவதும் இதே −30 டெசிபல்தான்.

“தம்பி, எங்கேயோ ஒரு கம்பி ரெண்டு சென்டிமீட்டர் நீளமா இருக்கு, பாரு” என்றேன். கனெக்டரின் மூடியைக் கழற்றினான். பற்றவைக்க வசதியாக முறுக்கைப் பிரித்து, ஒரு கம்பியை மட்டும் வளைத்துச் சுற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். தனியாக அளக்கும்போது 2 செ.மீ. கூடுதல் கம்பி எந்த இழப்பையும் காட்டாது. துணையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது பிந்துவது தெரியும்.

இரண்டையும் ஒரே அளவாக வெட்டி, விளிம்பு வரை முறுக்கைப் பிரிக்காமல் அவனே பற்றவைத்தான். மறுபடி அளந்தபோது கோடு −50 டெசிபலுக்கும் கீழே இறங்கியது. கேபிளை முதலில் இருந்த கருவியோடு மாட்டி, அதை இயக்கி ரேடியோவைப் போட்டான். பாட்டு தெளிவாகக் கேட்டது. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் அணைத்தான்.