ஏரிக்கரையும் எண்கட்டமும்: சமவரைப் படங்கள் – ஓர் அறிமுகம்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழினம். ஆயினும் இன்றைய கல்லூரிகளில் எண் ஒரு கட்டடத்திலும் எழுத்து மற்றொரு கட்டடத்திலும் குடியிருக்கின்றன. தமிழ்த்துறை மலரில் கணிப்பொறி வரையும் அறிவியல் படங்களைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை, நாம் சென்ற கோடையில் திருப்புட்குழிக்குச் சென்று வந்த நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது.

திருப்புட்குழியில் கண்டவை

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை அடுத்துப் பாலுசெட்டிசத்திரத்தின் அருகில் அமைந்த ஊர் திருப்புட்குழி. விசயராகவப் பெருமாள் கோயில் கொண்ட இத்தலம் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. புள்ளரசனாகிய சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றிய இடம் என்பது தலமரபு. புள், குழி என்னும் இரு சொற்கள் புணரும்போது ளகரம் டகரமாகத் திரிந்து ‘புட்குழி’ ஆயிற்று என்று வகுப்பில் எடுத்துக்காட்டிய நாளில், கணிப்பொறி அறிவியல் பயின்றுகொண்டே பகுதி ஒன்று தமிழை நம்மிடம் கற்கும் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அது எங்கள் ஊர்” என்றார். அவர் அழைப்பின்பேரில் அவ்வூருக்குச் சென்றோம்.

வழியில், நீர் வற்றி வரும் ஏரி ஒன்றைக் கண்டோம். நீர் சிறிது சிறிதாக உள்வாங்கியபோது, அது நின்று நின்று சென்ற இடங்களிலெல்லாம் சேற்றில் ஒரு கோடு விழுந்திருந்தது. கரையோரம் ஒன்று, அதற்குள் ஒன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று எனக் கோடுகள் அடுக்கடுக்காய் வளைந்து கிடந்தன. நீரின் மேற்பரப்பு மட்டமானது. ஆகவே ஒரு நாளில் நீர்விளிம்பு தொட்ட இடங்கள் அனைத்தும் ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் அக்கோட்டையே நிலவியலார் சம உயரக் கோடு என்பர். எந்த அளவைக்கும் பொருந்துமாறு அதனைச் சமவரை என்று வழங்குவோம்.

மாணவர் இல்லத்தில் அவர்தம் தந்தையார் பட்டுத்தறியில் அமர்ந்திருந்தார். அருகில் சிறுசிறு கட்டங்கள் நிறைந்த ஒரு தாள். பாவு நூலும் ஊடு நூலும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டம். நிறந்தீட்டிய கட்டங்கள் கூடி ஒரு மயிலாகத் தோன்றின. மாணவர் அதனைக் காட்டி, “ஐயா, ஆய்வகத்தில் நாங்கள் போடும் மழைப் படமும் இதுவும் ஒன்றுதான். இங்கே கட்டத்துக்கு ஒரு நூல் நிறம், அங்கே கட்டத்துக்கு ஓர் எண்” என்றார். ஏரிக்கரையில் சமவரைப் படத்தைக் கண்ட நாம், தறியின் அருகே செறிவுப் படத்தைக் கண்டோம்.

அப்போது தந்தையார் ஒரு வினா எழுப்பினார். அவருடையது குழித்தறி. மிதிக்கட்டைகள் தரைக்குக் கீழே குழியில் இருக்கும். அடைமழைக் காலத்தில் அக்குழியில் நீர் ஊறினால் தறி நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். “மழைப் படம் போடுகிறீர்களாமே, எங்கள் தறிக்குழியில் ஊற்று எடுக்குமா என்று அது சொல்லுமா?” என்று கேட்டார். நமக்கு உடனே விடை தெரியவில்லை. அவ்விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

கோடு வந்த வரலாறு

ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு எண்களைக் கொடுத்துப் பட்டியலிடும் முறை பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, ‘சூரத்துல் அர்ள்’ என்னும் நூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களின் அகலாங்கு நெட்டாங்குகளைத் தொகுத்தார். கணிப்பொறியின் செய்முறை வரிசையைக் குறிக்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. அப்பட்டியலில் மூன்றாவதாக ஓர் எண்ணைச் சேர்த்து, உயரமோ வெப்பமோ மழையோ எழுதினால் அதுவே இன்றைய சமவரைப் படத்தின் மூலப்பொருள்.

எட்மண்ட் ஆலி 1701இல் காந்த ஊசியின் விலக்கம் ஒத்திருக்கும் இடங்களைக் கோடுகளால் இணைத்து அட்லாண்டிக் கடற்படம் வெளியிட்டார். அம்போல்ட் 1817இல் சமவெப்பக் கோடுகளை வரைந்தார். நம் மண்ணில் வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பணி, இந்தியப் பெரும் முக்கோண அளவையாக வளர்ந்தது. இந்திய நில அளவைத் துறையின் நிலப்படங்களில் இன்று நாம் காணும் பழுப்புநிறக் கோடுகள் சம உயரக் கோடுகளே.

அக்கோடுகளைப் படிக்கச் சில விதிகளை அறிந்தால் போதும். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்தானது. விலகினால் நிலம் சமமானது. வெவ்வேறு மதிப்புடைய இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டா. ஓரிடத்துக்கு இரண்டு உயரங்கள் இருத்தல் இயலாதன்றோ! ஒரு கோடு தன்னைத்தானே சுற்றி மூடிக்கொண்டால் அதனுள் மேடோ குழியோ இருக்கும். எது என்பதை அருகில் எழுதிய எண்ணே கூறும்.

கணிப்பொறி வரையும் முறை

இத்தகைய படங்களை வரைய இன்று பெரிதும் பயன்படுவது பைத்தான் என்னும் நிரல்மொழி. கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட இம்மொழி யாவர்க்கும் இலவசம். இதனுள் எண்களின் அணிகளைக் கையாள நம்பை என்னும் தொகுப்பும், படம் வரைய மேட்பிளாட்லிப் என்னும் தொகுப்பும் உள்ளன. பின்னதை உருவாக்கிய ஜான் ஹன்டர், வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளை ஆராய்ந்த அறிவியலார். தம் ஆய்வுக்காகச் செய்த கருவியை 2003இல் உலகுக்குப் பொதுவாக்கினார், 2012இல் மறைந்தார். 2019இல் வெளியான கருந்துளைப் படத்தின் ஆக்கத்திலும் அக்கருவி துணைநின்றது. ஈந்த கல்வி குறையாது வளரும் என்பதற்கு இஃதொரு சான்று.

செய்முறையைப் படிப்படியாகக் காண்போம். முதலில் தரவு. ஒவ்வொரு மழைமானி நிலையத்துக்கும் நெட்டாங்கு, அகலாங்கு, மழையளவு என மூன்று எண்கள் வேண்டும். நிலையங்கள் நிலத்தில் தாறுமாறாகச் சிதறியிருக்கும். படம் வரைவதற்கோ ஒழுங்கான கட்டங்கள் தேவை. எனவே இரண்டாம் படியாக, மெஷ்கிரிட் என்னும் கட்டளையால் நிலப்பரப்பின்மீது கட்டவலை விரிக்கப்படுகிறது. மூன்றாவதாக, சைப்பை தொகுப்பிலுள்ள கிரிட்டேட்டா என்னும் கட்டளை, அருகிலுள்ள நிலையங்களின் அளவுகளைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இடைமதிப்பைக் கணிக்கிறது. விளைவது நிரைகளும் நிரல்களும் கொண்ட ஓர் அணி. நிரை வடக்குத் தெற்காக அடுக்கப்படும். நிரல் கிழக்கு மேற்காக நகரும்.

அவ்வணியைக் கான்டூர் என்னும் கட்டளையிடம் கொடுத்தால் கோடுகள் வரும். கான்டூர்எஃப் என்றால் கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பும் நிறம் பெறும். இம்ஷோ அல்லது பிகலர்மெஷ் என்றால் கட்டத்துக்கொரு நிறமாகச் செறிவுப் படம் வரும். கிளேபல் கோட்டின்மேல் எண்ணை எழுதும். கலர்பார் எந்நிறம் எவ்வளவைக் குறிக்கும் என்னும் அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்தும்.

கோடு எவ்வழியே செல்வது என்பதைக் கணிப்பொறி எங்ஙனம் அறிகிறது? ஒரு கட்டத்தின் மேல் மூலைகள் இரண்டில் 40, 60 என்றும், கீழ் மூலைகள் இரண்டில் 30, 55 என்றும் மழையளவு இருப்பதாகக் கொள்வோம். 50 என்னும் சமவரையை வரைதல் வேண்டும். மேல் விளிம்பில் 40க்கும் 60க்கும் நடுவே, சரிபாதியில் 50 வரும். கீழ் விளிம்பில் 30இலிருந்து 55 வரை 25 அளவு ஏற வேண்டும். 20 ஏறியதும் 50 கிட்டும். அதாவது ஐந்தில் நான்கு பங்குத் தொலைவில். இடப்பக்க மூலைகள் இரண்டும் 50க்குக் கீழே. வலப்பக்க மூலைகள் இரண்டும் அதற்கு மேலே. ஆதலால் பக்க விளிம்புகளைக் கோடு தொடாது. மேற்புள்ளியையும் கீழ்ப்புள்ளியையும் இணைத்தால் அக்கட்டத்தின் வேலை முடிந்தது. இவ்வாறு கட்டந்தோறும் செய்து துண்டுகளைச் சேர்த்தால் முழுக்கோடும் உருவாகும். பள்ளியில் கற்ற விகிதக் கணக்கே இதன் உயிர்நாடி.

நம் முதற்பிழையையும் கூறிவிடுவோம். நாம் முதலில் இம்ஷோ கட்டளையால் வரைந்த படத்தில் வடக்கு கீழேயும் தெற்கு மேலேயும் வந்தன. புத்தகத்தின் முதல்வரி மேலே இருப்பது போல் அணியின் முதல் நிரையை அது மேலே வைக்கும். நம் தரவிலோ முதல் நிரை தென்கோடியினது. ஆரிஜின் என்னும் அமைப்பை ‘லோயர்’ என மாற்றியதும் படம் நேரானது. கடற்கரை இல்லாத படமாயின் அப்பிழையை நாம் கண்டிருக்கவே மாட்டோம்.

நிறம் பொய் சொல்லுமா?

எண் சரியாக இருந்தும் படம் பொய் சொல்லக்கூடும். 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்டதே அதிகனமழை. நிற அளவுகோலின் உச்சியை 20 என்று வைத்து அம்மழைக்குப் படம் வரைந்தால், 21 பெய்த ஊரும் 49 பெய்த ஊரும் ஒரே நிறத்தில் தோன்றும். ஒன்றில் தெருவில் நீர். மற்றொன்றில் வீட்டுக்குள் நீர். இவ்வேறுபாட்டைப் படம் விழுங்கிவிடும்.

நிறத்தேர்வும் அத்தகையதே. வானவில்லின் நிறங்களை வரிசையாக அடுக்கிய ‘ஜெட்’ என்னும் நிறத்தொகுதி நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அதில் மஞ்சள் பளிச்சென்று முன்வந்து, தரவில் இல்லாத எல்லையை இருப்பதாகக் காட்டும். சிவப்பு பச்சை வேறுபாடு அறியாக் கண்ணினர்க்கோ அது குழப்பமே தரும். எனவே மேட்பிளாட்லிப் 2017இல் வெளியான தன் இரண்டாம் பதிப்பில், கருஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும் ‘விரிடிஸ்’ என்னும் தொகுதியை இயல்பாக்கியது. அளவு கூடக்கூட ஒளியும் சீராகக் கூடுவது இதன் சிறப்பு. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் பொருள் கெடாது.

மூன்றாவது எச்சரிக்கை இவற்றினும் பெரிது. இரு மழைமானிகளுக்கு இடைப்பட்ட ஊரின்மீது செல்லும் கோடு அளந்ததன்று, ஊகித்தது. நிலையங்கள் எங்கெங்கே உள்ளன என்பதைப் புள்ளிகளாகப் படத்தில் குறித்தல் வரைவோனின் கடமை. குறிக்காத படம் ஊகத்தையும் உண்மையையும் ஒரே உடையில் நிறுத்தும்.

தமிழ்த்துறைக்கு என்ன பயன்?

ஒலியையும் செறிவுப் படமாகக் காணலாம். கிடைமட்டத்தில் காலம், செங்குத்தில் அதிர்வெண், நிறத்தில் ஒலியின் வலிமை என அமைவது ஒலிநிறமாலைப் படம். மேட்பிளாட்லிப்பின் ஸ்பெக்கிராம் என்னும் கட்டளை அதனை நொடியில் வரையும். ரகர ழகரங்கள் நுனிநா மேல்நோக்கி அண்ணத்தை வருடப் பிறப்பன என்று தொல்காப்பியப் பிறப்பியல் இரண்டையும் சேர்த்துரைக்கும். ழகரத்தை ஒலித்துப் படமெடுத்தால், நா மேல்நோக்கி வளைவதற்கேற்ப மூன்றாம் ஒலிப்பட்டை கீழிறங்கி இரண்டாவதை நெருங்குவதைக் காணலாம். லகரத்தில் அஃது உயரத்திலேயே நிற்கும். ‘மழை’ என்பதை ‘மளை’ என்பவரையும் ‘மலை’ என்பவரையும் திருத்தப் பிரம்பு வேண்டா. இப்படம் ஒன்று போதும்.

நெசவாளர்க்கு நம் விடை

இனித் திருப்புட்குழிப் பெரியவரின் வினாவுக்கு வருவோம். மழைப் படம் அவருக்கு விடை தராது. மழை எவ்வளவு பெய்தது என்பதை அது கூறும். நிலத்தடி நீர் எவ்வளவு ஏறியது என்பதைக் கூறாது. நிலப்படமும் உதவாது, அதன் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்றாக வருவன. தறிக்குழியின் கணக்கோ அடிக்கணக்கு. அவருக்கு வேண்டிய எண் வேறு: தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழத்தில் கிணற்று நீர் நிற்கிறது என்பதே அது.

அவ்வெண்ணைப் பெற விண்கோள் தேவையில்லை; கயிறும் அளவுகோலும் போதும். தெருவுக்கு ஒரு கிணறாகத் தேர்ந்து, ஐப்பசி முதல் தை வரை வாரந்தோறும் அளந்து, கிணற்றின் இருப்பிடத்தையும் நீரின் ஆழத்தையும் மூன்று நிரல்களில் எழுதினால் தரவு ஆயத்தம். பின்னர்த் தறிக்குழியின் ஆழம் எத்தனை அடியோ அவ்வெண்ணையே சமவரையின் மதிப்பாக இட்டு ஒரே ஒரு கோடு வரைதல் வேண்டும். அக்கோட்டுக்கு ஒருபுறம் உள்ள வீடுகளின் தறிக்குழி நனையும்; மறுபுறம் நனையாது. வாரந்தோறும் அக்கோடு எத்தெருவை நோக்கி நகர்கிறது என்று கண்டால், நீர் வருமுன்பே பாவை எடுத்து மேலே வைக்கலாம். கிணறுகள் எத்தனை மிகுதியோ அத்தனை உறுதி அக்கோட்டுக்கு உண்டு.

அம்மாணவரும் அவர் நண்பர் மூவரும் வரும் ஐப்பசியில் அளக்கத் தொடங்குவதாக உறுதி கூறியுள்ளனர். பட்டியலுக்குத் தமிழில் தலைப்பிடுவது நம் பொறுப்பு. படத்தை அத்தறியின் அருகே சுவரில் ஒட்டுவது அவர்கள் பொறுப்பு. மாணவச் செல்வங்களே, வண்ணப்படம் ஒன்றைக் காணும்போது மூன்று வினாக்களை மறவாது கேளுங்கள்: அளவுகோல் எங்கே? அளந்த இடங்கள் எவை? யாருடைய வினாவுக்கு இஃது விடை? மூன்றாவதைக் கேட்கக் கற்பிப்பதில் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு என்பது நம் துணிபு.