பொதுப் பணமும் பகிரங்கக் கணக்கும்

அஸ்து கோத்திரத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை, பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலித்து வருமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்த அவர், கொணர்ந்தவற்றில் ஒரு பகுதி பொது நிதிக்குரியது என்றும், மறு பகுதி தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றும் கூறினார். தம் பெற்றோரின் இல்லத்தில் அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று அண்ணலார் வினவினார்கள். மிம்பரில் ஏறி, மக்கள் அனைவரும் அறிய இதனை எடுத்துரைத்து, அவ்வாறு பெற்ற பொருளை மறுமையில் கழுத்தில் சுமந்து வர நேரும் என எச்சரித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற நிகழ்ச்சி இது.

அவர் எதையும் மறைக்கவில்லை. தாமே எடுத்துக் காட்டினார். காட்டியதற்கே இத்துணைக் கண்டிப்பு என்றால், மறைப்பதற்கு என்னென்று சொல்வது?

ஹலரத் உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்தம் சொத்துகளைப் பதிவு செய்து வைத்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பதவிக் காலத்தில் மிகுதியாகப் பெருகியதில் பாதி பைத்துல் மாலுக்குச் சென்றது. எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை.

இன்றோ மறைக்கும் முறைகள் நுட்பமாகிவிட்டன. 2016ஆம் ஆண்டு வெளியான பனாமா ஆவணங்கள் ஒரே ஒரு சட்ட நிறுவனத்தின் ஏடுகளே. அவற்றின் எண்ணிக்கை 1 கோடியே 15 லட்சம். அவற்றில் கண்ட நிறுவனங்கள் 2 லட்சத்துக்கும் மேல். அவற்றுள் பலவற்றுக்குத் தொழிற்கூடமில்லை, பணியாளரில்லை. உடையவரின் பெயரும் பதிவேட்டில் இல்லை. நம் வழக்கில் சொன்னால், பினாமி.

பன்னாட்டு நிறுவனங்கள் சிலவற்றின் வழியோ வேறு. சரக்கு விற்பது ஒரு நாட்டில். வணிகச் சின்னத்துக்கான உரிமைத் தொகை என்று தம் கிளைக்கே பணம் செலுத்தி, இலாபம் காட்டுவது வரி குறைந்த மற்றொரு நாட்டில். சட்டம் தடுக்காத இடத்திலும், விற்பனை நடந்த நாட்டின் மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர வேண்டிய வரி குறைந்து போகிறது. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவை எட்டும் நிறுவனங்கள் நாடுவாரியாகக் கணக்குத் தர வேண்டுமென 2015இல் உலக அளவில் விதி வகுக்கப்பட்டது. ஆயினும் அக்கணக்கு வரி அதிகாரிகளின் பார்வைக்கு மட்டுமே. அதில் ஒரு பகுதியையேனும் பொதுமக்கள் காண வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் சட்டம் இயற்றியது.

பொதுப் பணம் அமானிதமாகும். அமைச்சராயினும், ஆலை அதிபராயினும், மஹல்லாவின் வக்ஃபு சொத்தைப் பராமரிக்கும் முத்தவல்லியாயினும், அதற்குப் பகிரங்கமாகக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்களே. இப்பதவி இல்லாவிடில் இப்பொருள் என்னைத் தேடி வந்திருக்குமா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்களாக!