ஊன்றுகோலும் ஊர்வழியும்

கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்திருப்பது நெல்லும் கரும்பும் விளையும் சமநிலம். அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையிலோ, வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு ஏற்றமும் இறக்கமுமான வழிகளே மிகுதி. காலில் வலிமை குன்றியவருக்கு இவ்விரு நிலங்களும் ஒன்றல்ல. சமநிலத்தில் ஒருவரைப் பள்ளிவரை கொண்டுசேர்க்கும் மூன்று சக்கர வண்டி, செங்குத்தான மலைவழியில் பயன்படாது போகலாம். ஆதலால், நடைத்துணைக் கருவியைத் தேர்வதற்குமுன் உடலையும் வழியையும் அளத்தல் வேண்டும்.

கருவிகளுள் எளியது ஊன்றுகோல். நிமிர்ந்து நின்று கையைத் தளரத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு இருக்கும் உயரமே கைப்பிடிக்கு உரிய உயரம். கோல் நீண்டால் தோள் உயரும். குறைந்தால் முதுகு வளையும். வலிமை குன்றிய காலின் பக்கமே கோலைப் பிடிக்க வேண்டும் எனப் பலர் எண்ணுவர். எதிர்ப்பக்கக் கையில் பிடிப்பதே முறை. ஒரு கால் தரையை விட்டு எழும்போது உடல் அப்பக்கம் சரிய முற்படும். ஊன்றிய காலின் இடுப்புத் தசைகள் அதனைத் தடுக்கும். அத்தசைகள் தளர்ந்திருப்பின், சரியும் பக்கத்தில் ஊன்றிய கோல் முட்டுக்கொடுக்கிறது. இடுப்பு மூட்டிலிருந்து கோல் விலகி நிற்பதால், நெம்புகோலின் நீண்ட கைபோலச் சிறுவிசையும் பெருந்துணையாகிறது. படியேறுகையில் வலிய காலும், இறங்குகையில் வலிமை குன்றிய காலும் முதலில் செல்ல வேண்டும்.

அக்குள் தாங்குகட்டையைப் பயன்படுத்துவோர் உடல் எடையை உள்ளங்கைகளில் தாங்க வேண்டும். கட்டை அக்குளை அழுத்தினால் கை நரம்புகள் பாதிக்கப்படும். எனவே, இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி தேவை. நான்கு கால்களுடைய நடைச்சட்டம் மிகுந்த உறுதி தரும். ஆயினும், அக்கால்கள் ஒருசேரப் படியச் சமதரை வேண்டும். எக்கருவியாயினும் அடிமுனை இரப்பர் தேய்ந்தால் ஈரப்பாறையில் வழுக்கும். அதனை உடனே மாற்ற வேண்டும்.

நிலத்தையும் வாழ்முறையையும் அறிந்து கருவி படைத்தமைக்கு ஜெய்ப்பூர்க் கால் சான்றாகும். கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் 1960களின் இறுதியில் உருவாக்கிய அச்செயற்கைக்கால், காலணியின்றி வயலில் நடக்கவும் குத்துக்காலிட்டு அமரவும் உதவியது. மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சியிலும் அளந்து இழைக்கும் கைகள் பல உள்ளன.

கருவி பொருந்தினாலும் வழி அடைபட்டால் பயனில்லை. பள்ளி வாயிலில் உள்ள ஒற்றைப் படியே சக்கர நாற்காலியைத் தடுத்துவிடும். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அதன்படி, அரை அடிப் படிக்கு ஆறு அடிச் சாய்தளம் போதும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய மாணவர்க்குப் பதினெட்டு வயதுவரை உரிய உதவிக் கருவிகளை விலையின்றி வழங்க வகைசெய்கிறது. உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரும் அவ்வுரிமைக்கு உரியவராகலாம். கருவியை அரசு வழங்கும். அது வகுப்பறைவரை வந்துசேரும் வழியில் கிடக்கும் கல்லை அகற்ற நம் கைகளே போதும்.