எலெக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? டெஸ்ட் டிரைவுக்கு முன்னாடி கொட்டேஷனைப் படிங்க!



"சார், இந்த கார் வாங்கினா வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டேக்ஸ்ல கழிச்சுக்கலாம்." இந்த வாக்கியத்தை ஷோரூமில் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "இதை எந்த பாரத்தில் போடணும்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதில் ஒன்றுதான்: எதிலும் போட முடியாது.

80இஇபி என்ற பிரிவு உண்மையில் இருந்தது. மின் வாகனக் கடனுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வரை கழிவு. ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். இன்று நீங்கள் எடுக்கும் கடனுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடையாது.

சமீபத்தில் என் மச்சான் கார் வாங்கியபோது நானும் கூடப் போனேன். கோயம்புத்தூர் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு, டவுனில் வேலை, தினமும் போக வர 40 கிலோமீட்டர். சம்பளக்காரர். சேமிப்பில் பெரும்பகுதி முன்பணமாகப் போகிறது, அடுத்த ஐந்து வருஷத்துக்கு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு இஎம்ஐ. அந்த "டேக்ஸ் மிச்சத்தை" நம்பித்தான் அவர் ஒரு படி மேல் வேரியன்ட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். "மாமா, அது இல்லைன்னா என் பட்ஜெட்டே மாறுதே" என்றார். ஆமாம், மாறத்தான் செய்யும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஷோரூமில் பேசிய தம்பியைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த பேப்பர் பழசு. ஆனால் கையெழுத்துப் போடுவது அவர் இல்லை, நீங்கள்.

உண்மையான சலுகை எங்கே இருக்கிறது?

முதலாவது, ஜிஎஸ்டி. மின் கார்களுக்கு 5 சதவீதம்தான். 2019 ஆகஸ்டில் 12-லிருந்து குறைத்தார்கள். இது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும், தனியாக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதனால் பழைய யூடியூப் வீடியோக்களில் வரும் "பெட்ரோல் வெர்சஸ் எலெக்ட்ரிக்" விலை ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, சாலை வரி. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு 18 சதவீதம் சாலை வரி. 15 லட்ச ரூபாய் கார் என்றால் சுமார் ரூ.2.7 லட்சம்! மின் காருக்கு அரசாணை மூலம் முழு விலக்கு தரப்படுகிறது. பெரிய சேமிப்பு இங்கேதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த அரசாணைக்குக் காலக்கெடு உண்டு. நீங்கள் புக் செய்யும் தேதி கணக்கில்லை, ரிஜிஸ்ட்ரேஷன் நடக்கும் தேதியில் விலக்கு அமலில் இருக்க வேண்டும். வருஷக் கடைசியில் புக் செய்பவர்கள் டெலிவரி தேதியை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு மட்டும். தொழிலுக்குப் பயன்படும் சாதாரண காருக்கு தேய்மானம் 15 சதவீதம், மின் வாகனத்துக்கு 40 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. சம்பளக்காரர்களுக்கு இது பொருந்தாது.

கொட்டேஷனை வரி வரியாகப் படிப்போம்

மச்சானுக்கு வந்த முதல் கொட்டேஷன் இது:

- எக்ஸ்-ஷோரூம் விலை: ரூ.15,00,000
- டிசிஎஸ்: ரூ.15,000
- ஆர்டிஓ மற்றும் இதர செலவு: ரூ.14,500
- இன்சூரன்ஸ்: ரூ.68,000
- ஆக்சஸரீஸ் பேக்: ரூ.22,000
- எக்ஸ்டென்டட் வாரன்டி: ரூ.25,000
- ஹேண்ட்லிங் சார்ஜ்: ரூ.8,500
- ஃபாஸ்டேக்: ரூ.600

மொத்தம் ரூ.16,53,600. இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிசிஎஸ்: 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 1 சதவீதம். இது செலவு இல்லை, முன்கூட்டியே கட்டும் வருமான வரி. உங்கள் 26ஏஎஸ்-ல் வரும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், அல்லது ரீஃபண்டாக வாங்கலாம். யார் பெயரில் இன்வாய்ஸோ அவருடைய பான் எண்ணில்தான் இது ஏறும். மனைவி பெயரில் காரை வாங்கிவிட்டு உங்கள் கணக்கில் தேடினால் கிடைக்காது. ரிட்டர்னே தாக்கல் செய்யாதவர் பெயரில் வாங்கினால், இந்த 15,000-க்காகவாவது ஒரு ரிட்டர்ன் போடுங்கள்.

ஆர்டிஓ செலவு: மின் வாகனங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் கட்டணத்திலிருந்து 2021 ஆகஸ்டிலேயே மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. கடன் இருந்தால் ஆர்சியில் ஹைப்போதிகேஷன் பதிய 1,500 ரூபாய், அதோடு சில சில்லறைக் கட்டணங்கள். "பிரேக்-அப் கொடுங்க, ரசீதும் வேணும்" என்று கேட்டோம். 14,500 என்பது 6,000 ஆனது.

இன்சூரன்ஸ்: புது காருக்கு மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியம் எல்லா கம்பெனியிலும் ஒன்றுதான். 2022 அறிவிப்புப்படி மோட்டார் திறன் 65 கிலோவாட்டுக்கு மேல் உள்ள மின் காருக்கு மூன்று ஆண்டுக்கு ரூ.20,907, ஜிஎஸ்டி தனி. இதில் பேரம் பேச முடியாது. பேரம் எல்லாம் மீதியில்தான், அதாவது நம் காரின் சேதத்துக்கான பகுதியிலும் ஆட்-ஆன்களிலும். டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, ஐஆர்டிஏஐ விதிகளே வாடிக்கையாளர் விருப்பம் என்று சொல்கின்றன. "வெளியே எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பார்கள். கேஷ்லெஸ் என்பது அந்த சர்வீஸ் சென்டரோடு காப்பீட்டு கம்பெனிக்கு ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, பாலிசியை யார் விற்றார் என்பதைப் பொறுத்தது இல்லை. அதே ஐடிவி, அதே ஜீரோ டெப், பேட்டரி மற்றும் சார்ஜர் கவர் உட்பட வெளியே 52,000-க்கு கிடைத்தது.

ஹேண்ட்லிங் சார்ஜ்: "இது எதுக்குங்க?" என்று கேட்டதும் நீக்கிவிட்டார்கள். அவ்வளவுதான். கேட்காமல் இருந்திருந்தால் 8,500 போயிருக்கும்.

ஆக்சஸரீஸ்: ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப் மட்டும் போதும் என்றோம். 4,000.

எக்ஸ்டென்டட் வாரன்டி: அன்றைக்கே வாங்க வேண்டிய அவசியம் இல்லை. எத்தனை மாதம் வரை வாங்கலாம், தாமதித்தால் விலை எவ்வளவு ஏறும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தள்ளிப்போட்டோம்.

கடைசி பில் ரூ.15,77,600. குறைந்தது 76,000 ரூபாய். காரின் விலையில் ஒரு ரூபாய் கூட குறைக்கவில்லை, சுற்றி இருந்ததை மட்டும்தான் குறைத்தோம்.

"இஎம்ஐ 19,000 தான் சார்"

12 லட்சம் கடன், 9 சதவீத வட்டி. ஏழு வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் ரூ.19,300. ஐந்து வருஷம் என்றால் சுமார் ரூ.24,900. ஷோரூமில் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள். ஆனால் மொத்த வட்டியைப் பாருங்கள்: ஏழு வருஷத்தில் ரூ.4.22 லட்சம், ஐந்து வருஷத்தில் ரூ.2.95 லட்சம். வித்தியாசம் ரூ.1.27 லட்சம்.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கடனுக்கு ஐந்து வருஷத் தவணையில் முதல் வருஷ வட்டியே சுமார் ஒரு லட்சம்தான். அப்படியென்றால் அந்தப் பழைய கழிவு இன்றும் இருந்திருந்தால்கூட "வருஷம் ஒன்றரை லட்சம்" வந்திருக்காது!

ஷோரூம் மூலம் வரும் லோன் மோசம் என்று இல்லை. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் ஒரு ஆஃபர் வாங்கி வைத்துக்கொண்டு, வட்டி, ப்ராசஸிங் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் வரும் கட்டணம் மூன்றையும் ஒப்பிடுங்கள். கடன் முடிந்ததும் வங்கியிடம் என்ஓசி, படிவம் 35 வாங்கி ஆர்சியில் ஹைப்போதிகேஷனை நீக்க மறக்காதீர்கள்.

கரண்ட் பில்: யாரும் போட்டுக் காட்டாத கணக்கு

"யூனிட் அஞ்சு ரூபா வெச்சுக்கோங்க சார்" என்பார்கள். நம்ம ஊர் மின்கட்டணம் ஸ்லாப் முறை. கார் யூனிட்கள் எப்போதும் மேல் ஸ்லாப்பில்தான் போய் உட்காரும். தவிர, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப்களின் விலையும் மாறிவிடும்.

மச்சான் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி பில் ரூ.1,175. இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓட்ட, சார்ஜிங் இழப்பும் சேர்த்து சுமார் 320 யூனிட் கூடும். 720 யூனிட்டுக்கு பில் ரூ.4,000-ஐத் தாண்டும். கூடுதல் சுமார் ரூ.2,900, அதாவது காருக்கு யூனிட் சுமார் 9 ரூபாய்! கிலோமீட்டருக்கு சுமார் ரூ.1.45.

பயப்பட வேண்டாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு ரூ.6.67. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் சேமிப்பு சுமார் 5,200, வருஷத்துக்கு 62,000. மின் காருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 3 லட்சம் என்றால் ஐந்து வருஷத்தில் வந்துவிடும். மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் சேமிப்பு வருஷத்துக்கு 25,000, அதே 3 லட்சம் திரும்பி வர 12 வருஷம் ஆகும். வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இல்லாமல், யூனிட் 22 ரூபாய் பொது சார்ஜரை மட்டும் நம்பினால், 1,000 கிலோமீட்டருக்குக் கூட மாத சேமிப்பு சுமார் 3,150 ஆகக் குறையும்.

ஆக, முடிவு செய்வது டேக்ஸ் இல்லை. உங்கள் கிலோமீட்டரும், உங்கள் வீட்டு ப்ளக் பாயின்ட்டும்தான். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் சங்கத்தின் சம்மதத்தை புக்கிங்கிற்கு முன்னாடியே வாங்குங்கள். தனி வீடு என்றால் எர்த்திங்கையும், மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடையும் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

பேட்டரி வாடகைத் திட்டம் மலிவா?

2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் அறிமுகமானபோது, பேட்டரி வாடகைத் திட்டத்தில் ரூ.9.99 லட்சம், கிலோமீட்டருக்கு ரூ.3.50 தனி. பேட்டரியோடு சேர்த்து ரூ.13.50 லட்சம். வித்தியாசம் ரூ.3.51 லட்சம். ரூ.3.50-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட்டுவீர்கள் என்றால் சொந்தமாக வாங்குவதே லாபம். குறைவாக ஓட்டுபவருக்கு வாடகை லாபம் போலத் தெரியும், ஆனால் மாதம் குறைந்தபட்ச கிலோமீட்டர் நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சார்ஜிங் செலவு எப்படியும் தனி.

மீதிப் பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்

1. புக்கிங் தொகை கேன்சல் செய்தால் முழுதாகத் திரும்புமா? எழுத்தில் வாங்குங்கள்.
2. தள்ளுபடி இன்வாய்ஸிலேயே குறைந்திருக்கிறதா?
3. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன் யார்டில் காரைப் பாருங்கள். சேஸிஸ் எண் இன்வாய்ஸோடு ஒத்துப்போக வேண்டும். தயாரித்த மாதம், வருஷம் படிவம் 21-ல் இருக்கும். டயரில் உள்ள நான்கு இலக்கம் வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம்.
4. சார்ஜிங் கேபிளை மாட்டி, சார்ஜ் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள்.
5. பேட்டரி வாரன்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர்? "லைஃப்டைம்" என்றால் முதல் உரிமையாளருக்கு மட்டுமா? மறுவிற்பனை விலையை இது நேரடியாகப் பாதிக்கும்.
6. வால் சார்ஜர் பொருத்துவது இலவசமா, எத்தனை மீட்டர் ஒயர் வரை?

மச்சான் கடைசியில் ஒரு படி கீழ் வேரியன்ட்டுக்கு இறங்கவில்லை. ஆனால் ஐந்து வருஷக் கடன், தெரிந்தே எடுத்த முடிவு. அதுதான் முக்கியம். வாங்கலாமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், எந்த எண்ணை நம்பி வாங்குகிறோம் என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

உங்கள் கொட்டேஷனில் புரியாத ஒரு வரி இருந்தால், பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு கமெண்ட்டில் அந்த வரியை மட்டும் போடுங்க. அடுத்த வீடியோவில் சேர்த்துப் பார்ப்போம்.