எழுவாயும் பயனிலையும்: நகரசபைக்கு ஆங்கிலத்தில் எழுதுவோர் கவனத்திற்கு

வீட்டுத் திருத்த வேலை, கவுன்சில் வரி, வாடகைப் பிணக்கு ஆகியவை தொடர்பாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் தமிழர் பலருக்குத் தேவையான சொற்கள் தெரிந்தேயிருக்கின்றன. பிழை நேர்வது அச்சொற்களை வாக்கியமாக இணைக்கும் இடத்திலேயே. சில பிழைகள் வாசிப்பவரைச் சற்றுத் தடுக்குமேயன்றிப் பொருளைக் கெடுப்பதில்லை. வேறு சில, எவர் எதைச் செய்தார் என்பதையே மாற்றிவிடும். முதலில் தவிர்க்கப்பட வேண்டியவை இவ்விரண்டாம் வகைப் பிழைகளே.

எழுவாயை விட்டுவிடலாகாது

தமிழ் வினைமுற்று தன் எழுவாயைத் தன்னுள்ளே கொண்டிருக்கிறது. 'வந்தேன்' என்றால் நான். 'வந்தார்கள்' என்றால் அவர்கள். ஆகவே எழுவாயைக் கூறாமலே தமிழ் வாக்கியம் நிறைவுபெறும். ஆங்கிலத்தில் 'கேம்' என்னும் ஒரே வடிவம் நான், நீ, அவன், அவள், அவர்கள் என எல்லோருக்கும் பொது. 'கேம் ஆன் மண்டே அண்ட் டுக் த மணி' என்று மட்டும் எழுதினால், திங்கட்கிழமை வந்து பணத்தைப் பெற்றுச் சென்றவர் வீட்டு உரிமையாளரா, அவருடைய முகவரா என்பது விளங்காது. வைப்புப் பணத்தைத் திரும்பக் கோருபவருக்கு இது சிறிய குறையன்று.

'அவர்' என்ற சொல்லும் கவனத்திற்குரியது. தமிழில் அது இருபாலுக்கும் பொதுவானது, மதிப்பையும் உணர்த்துவது. மரியாதை கருதி ஒருவரை 'தே' என்று எழுதினால், பலர் வந்ததாக வாசிப்பவர் கொள்ளக்கூடும். ஆணாயின் 'ஹி', பெண்ணாயின் 'ஷி' என எழுதுவது வழக்கம். ஐயம் எழும் இடத்தில் பெயரையோ பதவியையோ மீண்டும் எழுதுவதே பாதுகாப்பானது.

சொல்வரிசையே பொருள்

'வாடகைக்காரரை உரிமையாளர் தள்ளினார்', 'உரிமையாளர் வாடகைக்காரரைத் தள்ளினார்' என எப்படி எழுதினாலும் தமிழில் பொருள் மாறாது. 'ஐ' உருபு அதைக் காத்துக்கொள்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அத்தகைய உருபு இல்லை. 'த லாண்ட்லோர்ட் புஷ்ட் த டெனன்ட்' என்பதில் முன்னே நிற்பவரே தள்ளியவர். இரு பெயர்களும் இடம் மாறினால் பாதிக்கப்பட்டவரே குற்றம் செய்தவராகிவிடுவார். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையை மாற்றாதிருத்தல் நன்று.

'எஸ்' எழுத்தின் இடம்

எழுவாய்க்கேற்ப வினை அமைவது இயைபு எனப்படும். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது என்று வினையை மாற்றிப் பழகிய தமிழருக்கு இக்கருத்து புதிதன்று. ஆங்கிலத்தின் சாதாரண வினைகளுக்கு நிகழ்காலத்தில் இரண்டே வடிவங்கள்: படர்க்கை ஒருமைக்கு 'எஸ்' சேரும், ஏனையவற்றுக்குச் சேராது. 'த பைப் லீக்ஸ்' என்றால் ஒரு குழாய் ஒழுகுகிறது; 'த பைப்ஸ் லீக்' என்றால் பல குழாய்கள் ஒழுகுகின்றன. பெயரில் 'எஸ்' வந்து பன்மையைக் காட்டினால் வினையில் அது வராது என்று நினைவிற்கொள்ளலாம். இறந்தகாலத்தில் 'வாஸ்', 'வேர்' ஆகியவற்றைத் தவிர இந்த மாற்றம் இல்லை. கேள்வியிலும் எதிர்மறையிலும் 'எஸ்' துணைவினைக்குச் சென்றுவிடும்: 'டஸ் ஷி வொர்க்' என்பதே சரி, 'டஸ் ஷி வொர்க்ஸ்' என்பது தவறு.

எழுவாய்க்கும் வினைக்கும் இடையே வேறு சொற்கள் புகும்போது தடுமாற்றம் மிகும். மகனுடைய அறையின் சுவர்கள் ஈரமாக இருப்பதை முறையிடுபவர், 'த வோல்ஸ் இன் மை சன்ஸ் ரூம்' என்பதன் பின் 'ஆர் டாம்ப்' என்றே எழுத வேண்டும். அருகில் நிற்பது ஒருமையான அறை, ஈரமாயிருப்பவையோ சுவர்கள்.

தனியே மனத்தில் வைக்க வேண்டியவை

'மை வைஃப் அண்ட் ஐ' என இருவர் சேர்ந்தால் 'ஆர்', 'ஹேவ்' என்னும் பன்மை வினை வரும். 'எவ்ரிவன்', 'ஈச்' ஆகியவை பலரைக் குறிப்பினும் ஒருமை வினையையே ஏற்கும். 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'நியூஸ்' ஆகியவையும் ஒருமையே. 'போலீஸ்', வாடகை நிலுவையைக் குறிக்கும் 'அரியர்ஸ்' ஆகியவற்றுக்குப் பன்மை வினை. 'கவுன்சில்', 'ஃபேமிலி' போன்ற சொற்களுக்குப் பிரித்தானிய ஆங்கிலத்தில் இரண்டும் வழக்கில் உண்டு. ஒரே கடிதத்தில் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும்.

அனுப்புவதற்கு முன்

ஒவ்வொரு வாக்கியத்திலும் வினையைக் கண்டறிந்து, 'இதைச் செய்தவர் எவர்?' என்று வினவுதல் வேண்டும். விடை அவ்வாக்கியத்தில், வினைக்கு முன்னே, எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்தபின் 'எஸ்' எழுத்தைச் சரிபார்க்கலாம். நீண்ட வாக்கியத்தை இரண்டாகப் பிரித்தால் பெரும்பாலான பிழைகள் தாமே புலப்படும்.

நீதிமன்றத்திற்கான சாட்சி வாக்குமூலம் வேறு வகையானது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் குடியியல் வழக்குகளில் அது சாட்சியின் சொந்த மொழியிலேயே எழுதப்பட வேண்டும் என்பது 2020 முதல் நடைமுறை விதியாக உள்ளது. தமிழில் சிந்திப்பவர் தமிழிலேயே வாக்குமூலம் எழுத, பின்னர் அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்படும். அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி உண்மை உறுதிமொழியின் கீழ் ஒப்பமிட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.